அந்த நேரத்தில் யாரைக் கூப்பிடுவது?

ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் பழவேற்காட்டு மீனவர்கள் கடலுக்குப் போகக் கூடாது. இந்தத் தகவல் லைட்ஹவுஸ் குப்பத்துக்கும் கோரைக்குப்பத்துக்கும் வைரவன்குப்பத்துக்கும் முன்கூட்டியே வந்துவிடுகிறது. மீன்வளத் துறை ஊர்த் தலைவர்களிடம் சொல்கிறது, தலைவர்கள் ஊருக்குச் சொல்கிறார்கள். இன்ன நேரத்தில் இன்ன கடற்பகுதி ஆபத்தானது என்பதை ஏரிக்கும் கடலுக்கும் நடுவே மணல்திட்டில் வாழும் ஒருவரிடம் கொண்டுசேர்க்க ஆள் இருக்கிறது, எண் இருக்கிறது, பல ஆண்டுப் பழக்கமும் இருக்கிறது.

அதே குப்பங்களில் ஐப்பசி, கார்த்திகைப் புயலில் செல்போன் டவர் செத்துப்போனால் யார் யாருக்குச் சொல்வது? இதற்கு மட்டும் தெளிவான பதில் கிடைப்பதில்லை. கடலில் ஆபத்து என்றால் கடலோரக் காவல் படைக்கு 1554, கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்கு 1093, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கு 1077, மாநில அறைக்கு 1070 என்று எண்கள் இருக்கின்றன. எல்லாம் நல்ல ஏற்பாடுகள்தான். ஆனால் இவற்றில் எதைக் கூப்பிடுவதற்கும் முதலில் சிக்னல் வேண்டும்.

பழவேற்காடு, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலுமாகப் பரந்து கிடக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் ஒரு டவர் எப்படிச் சாகிறது என்பதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதலில் மின்சாரம் போகும். பேட்டரி சில மணி நேரம் தாங்கும். பிறகு ஜெனரேட்டர் ஓட வேண்டும், அதற்கு டீசல் வர வேண்டும், டீசல் வரப் பொன்னேரிப் பக்கமிருந்து வரும் சாலை தண்ணீருக்கு மேலே இருக்க வேண்டும். டவர் நின்றாலும் அதற்கு வரும் கண்ணாடி இழைக் கேபிள் சாய்ந்த மரத்தோடு எங்காவது அறுந்திருக்கலாம். இதில் ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவர் பொறுப்பு. டவர் ஒரு நிறுவனத்துக்குச் சொந்தம். அதில் ஆன்டெனா மாட்டியிருப்பவை வேறு இரண்டு மூன்று போன் நிறுவனங்கள். டீசல் ஊற்றுவது ஒப்பந்தக்காரர், கேபிளைப் பார்த்துக்கொள்வது இன்னொரு ஒப்பந்தக்காரர். வீட்டு இன்டர்நெட்டைப் பல ஊர்களில் உள்ளூர் கேபிள்காரர்தான் தருகிறார். ஒரு குப்பத்தின் பேச்சு நின்றுபோனால் இத்தனை பேரும் ஒருவரோடொருவர் பேசியாக வேண்டும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக் கரையைக் கடந்தபோது நகரத்துக்குள்ளேயே போன் நாள்கணக்கில் கிடைக்காமல் திண்டாடினோம். நகரத்துக்கே அந்தக் கதி என்றால் கடைக்கோடிக் குப்பத்தின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

கருவி இல்லாததால் வரும் அழிவு ஒன்று. கருவியும் செய்தியும் இருந்தும், யாரிடம் சொல்வது என்று தெரியாததால் வரும் அழிவு இன்னொன்று. இரண்டாவதை நாம் 2004 டிசம்பர் 26 அன்று பார்த்தோம்.

அன்று காலை இந்திய நேரப்படி 6.29 மணிக்குச் சுமத்ரா அருகே கடலடி நிலம் பிளந்தது. அடுத்த கால் மணி நேரத்துக்குள் ஹவாயில் இருந்த பசிபிக் சுனாமி எச்சரிக்கை மையம் நிலநடுக்கத்தைப் பதிவு செய்து, தன் பொறுப்பில் இருந்த பசிபிக் நாடுகளுக்கு அறிக்கையும் அனுப்பிவிட்டது. இந்தியப் பெருங்கடல் நாடுகளில் யாரைக் கூப்பிடுவது என்பதற்கு மட்டும் அந்த மையத்திடம் பட்டியல் இல்லை. நம் பக்கத்திலும் ஒன்று நடந்தது. வானிலைத் துறையிலிருந்து அமைச்சருக்குப் போன ஃபேக்ஸ், அந்தப் பதவியில் முன்பு இருந்தவரின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததாக அப்போது நாளிதழ்கள் எழுதின. ஆட்சி மாறி ஏழு மாதம் ஆகியிருந்தது. யாரும் அந்த எண்ணை மாற்றவில்லை. நிலநடுக்கத்துக்குப் பிறகு தமிழகக் கரையை அலை தொட இரண்டு மணி நேரத்துக்கும் மேல் இருந்தது. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 8,000 பேர் இறந்தார்கள். பழவேற்காட்டின் மணல்திட்டுக் குப்பங்களிலும் கடல் ஏறியது.

அதே காலையில் புதுச்சேரியின் நல்லவாடு கிராமத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சிங்கப்பூரில் வேலை பார்த்த அவ்வூர் மீனவர் மகன் ஒருவர் செய்தி கேட்டுப் பதறி வீட்டுக்குப் போன் போட்டார். அந்த ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அமைத்த அறிவு மையம் இருந்தது. கடல் நிலவரம் சொல்லிப் பழகிய ஒலிபெருக்கி அதில் இருந்தது. ஊர்க்காரர்கள் பூட்டை உடைத்து உள்ளே போய் அறிவித்தார்கள். ஏறக்குறைய 3,600 பேர் கொண்ட ஊர் உயிரோடு மேட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. ஒரு மகனுக்குத் தன் வீட்டு எண் தெரிந்திருந்தது, வீட்டாருக்கு ஒலிபெருக்கி இருக்கும் இடம் தெரிந்திருந்தது. இவ்வளவுதான் அந்த ஊரைக் காப்பாற்றியது. ஹவாயிலும் டெல்லியிலும் இல்லாமல் போனதும் இவ்வளவுதான்.

அதற்குப் பிறகு நாம் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று சொன்னால் அநியாயம். 2007 அக்டோபரில் ஹைதராபாத்தில் இன்காய்ஸ் நிறுவனத்தின் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. இப்போது இந்தியப் பெருங்கடல் நாடுகள் இரவு பகலாக எடுக்கக்கூடிய தொடர்பு எண்ணைக் கொடுத்து வைத்திருக்கின்றன. அந்தத் தொடர்புகளை ஆண்டுக்கு இரு முறை சோதித்தும் பார்க்கிறார்கள். எனக்கு அந்த மையத்தின் கணினிகளைவிட இந்தச் சோதனைதான் பெரிதாகத் தெரிகிறது. நிலம் அதிர்வதைக் கருவி தானே கண்டுபிடித்துவிடும். பொறுப்பாளர் பணிமாற்றத்தில் போய்விட்டார் என்பதை யாராவது கூப்பிட்டால்தான் தெரியும்.

இணையத்தை நடத்துகிறவர்கள் இந்தப் பாடத்தை வேறு வழியில் கற்றார்கள். இணையம் என்பது ஆயிரக்கணக்கான தனித்தனி வலையமைப்புகள் ஒன்றையொன்று நம்பிக் கைகோத்து நிற்பது. ‘இன்ன முகவரிகளுக்கு வழி என்னிடம் இருக்கிறது’ என்று ஒன்று அறிவிக்கும், மற்றவை பெரும்பாலும் நம்பிவிடும். 2008 பிப்ரவரி 24 அன்று பாகிஸ்தானின் தொலைபேசி நிறுவனம் யூடியூபைத் தன் நாட்டுக்குள் தடுப்பதற்காக அப்படியோர் அறிவிப்பைப் போட, ஹாங்காங்கைச் சேர்ந்த நிறுவனம் ஒன்று அதை உலகுக்கே கடத்திவிட்டது. உலகின் பெரும்பகுதிக்கு யூடியூப் இரண்டு மணி நேரம் காணாமல் போனது. தவறான வழியை அந்த ஹாங்காங் நிறுவனம் துண்டித்த பிறகுதான் சிக்கல் தீர்ந்தது. இப்படிப்பட்ட நேரத்தில் உலகின் இன்னொரு மூலையில் இருக்கும் பொறியாளரை, வாடிக்கையாளர் சேவை எண்ணின் பதிவுக் குரலைத் தாண்டி, நேராகப் பிடிக்க வேண்டும். இதற்காகவே 2002-இல் பாக்கெட் கிளியரிங் ஹவுஸ் என்ற லாப நோக்கற்ற அமைப்பு ஒரு நேரடித் தொலைபேசி ஏற்பாட்டைத் தொடங்கியது. ஒவ்வொரு வலையமைப்புக்கும் உலக அளவில் ஓர் அடையாள எண் உண்டு. இந்த ஏற்பாட்டில் சேர்ந்த வலையமைப்பின் எண்ணைச் சுழற்றினால் அதன் கட்டுப்பாட்டு அறையில் மணி அடிக்கும்படி அமைத்தார்கள். போட்டி நிறுவனமாக இருந்தாலும்தான்.

பட்டியல் இருந்தும் கைக்கு எட்டாமல் போகும் என்பதைக் கனடா கண்டது. 2022 ஜூலை 8 அன்று ரோஜர்ஸ் நிறுவனத்தின் வலையமைப்பு ஒரு தவறான மாற்றத்தால் முழுவதும் படுத்துவிட்டது. ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் அதிகமான வாடிக்கையாளர்கள் தவித்தார்கள், பலருக்கு அவசர எண் 911 கிடைக்கவில்லை. சரிசெய்ய வேண்டிய ஊழியர்களும் அதே நிறுவனத்தின் போனையும் இணைப்பையும்தான் வைத்திருந்தார்கள். போட்டி நிறுவனங்களின் சிம் கார்டுகளைக் கையில் கொடுத்த பிறகே அவர்களால் ஒருவரோடொருவர் பேச முடிந்தது. செப்டம்பரில் அந்நாட்டின் பெரிய நிறுவனங்கள் அனைத்தும், ஆபத்தில் ஒன்றுக்கொன்று உதவுவதாக ஒப்பந்தம் செய்துகொண்டன.

நம் நாட்டிலும் விதிகள் இருக்கின்றன. சைபர் பாதுகாப்புக்கான செர்ட்-இன் அமைப்பு 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணைப்படி ஒவ்வொரு சேவை நிறுவனமும் ஒரு தொடர்பாளரை நியமித்து, விவரம் மாறும்போதெல்லாம் தெரிவிக்க வேண்டும். ஆசிய பசிபிக் பகுதிக்கு இணைய முகவரிகளை வழங்கும் ஏபிநிக், பதிவாகியுள்ள தொடர்பு மின்னஞ்சல்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு முறை சோதனை அனுப்புகிறது. பதில் வராவிட்டால் அந்த முகவரி செல்லாதது என்று குறிக்கப்படும். தொலைத்தொடர்புத் துறையும் பேரிடருக்கான செயல்முறை விதிகளை வகுத்து, நிறுவனங்கள் பொறுப்பு அதிகாரிகளை நியமிக்கச் சொல்லியிருக்கிறது. ஒன்றின் டவர் விழுந்தால் அதன் வாடிக்கையாளர் மற்றொன்றின் டவர் வழியாகப் பேசவும் வழி உண்டு.

என் மனக்குறை இந்தப் பட்டியல்கள் முடியும் இடத்தைப் பற்றியது. இவை தலைநகரில் பிறந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரை வருகின்றன. அதற்குக் கீழே இறங்குவதில்லை. பழவேற்காட்டு ஏரிக் கிராமமான பசியாவரத்தில் எந்தக் கம்பத்தில் எந்தக் கேபிள் தொங்குகிறது என்று அறிந்த கேபிள்காரரின் எண்ணுக்கு எந்தப் பேரிடர்த் திட்டத்தில் இடம் இருக்கிறது? கோயில், மாதா கோயில், பள்ளிவாசல் என்று ஊர்தோறும் இருக்கும் ஒலிபெருக்கிகளுக்குப் பொறுப்பானவர்களின் எண்கள், டவர் நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறைக்கு எதற்கு என்றுதான் கேட்பார்கள். டவருக்கு மின்சாரம் நின்றுவிட்டது என்பதைத் திரையில் முதலில் பார்ப்பது அந்த அறைதானே. இன்னும் நான்கு மணி நேரத்தில் பேட்டரி தீரும் என்று தெரிந்தவர், அதை ஊருக்கு ஏன் சொல்லக் கூடாது? அந்த நான்கு மணி நேரத்தில் கடலில் இருப்பவர்களைத் திரும்ப அழைக்கலாம், பிரசவ நாள் நெருங்கிய பெண்ணைப் பொன்னேரி மருத்துவமனைக்குக் கொண்டுபோகலாம்.

எண்களைப் பகிர நிறுவனங்கள் தயங்குவதற்குக் காரணம் இருக்கிறது. போட்டியாளருக்கு உள்விவரம் தெரிந்துவிடும் என்ற பயம், தனி ஊழியரின் எண்ணை ஊருக்கெல்லாம் கொடுத்தால் அவர் நிம்மதி போய்விடும் என்ற நியாயமான கவலை, வேலையில் ஆட்கள் அடிக்கடி மாறுவது. பழவேற்காட்டு ஏரியிலும் போட்டி உண்டு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடுவூர் மாதாகுப்பம் ஆகிய ஊர்கள் ஏரியின் வளமான இடங்களைப் ‘பாடு’ என்ற முறையில் நாள் வைத்துப் பங்கிடுகின்றன. இன்று யார் முறை, எந்த இடம், யார் தலைக்கட்டு என்ற கணக்கு ஊருக்கு மனப்பாடம். பாடு எல்லா ஊரையும் சேர்த்துக்கொள்வதில்லை, அதனால் சச்சரவும் வந்திருக்கிறது. ஆனால் ஒரே தண்ணீரில் பிழைக்கும் போட்டியாளர்கள் யார் எங்கே இருக்கிறார் என்று ஒருவருக்கொருவர் தெரிந்து வைத்திருக்க முடியும் என்பதற்கு அது கண்முன் இருக்கும் சாட்சி. ஒரே டவரில் தொங்கும் மூன்று நிறுவனங்களுக்கு அது எட்டாத காரியமாக இருக்க முடியாது. ஊழியரின் சொந்த எண் வேண்டாம். யார் பணியில் இருந்தாலும் எடுக்கும் ஓர் எண் போதும்.

பொன்னேரி வட்டாட்சியர் அலுவலகத்தில், மழைக்கு முன் ஆண்டுக்கொரு நாள், டவர் நிறுவனம், போன் நிறுவனங்கள், மின்வாரியம், மீன்வளத் துறை, கேபிள்காரர்கள், எல்லாக் குப்பங்களின் தலைவர்கள், மகளிர் குழுவினர் எல்லாரும் ஓர் அறையில் உட்கார்ந்தால் இந்தப் பட்டியல் மதியத்துக்குள் தயாராகிவிடும். பாடு உள்ள ஊர், இல்லாத ஊர் என்ற பேதம் அதில் இருக்கக் கூடாது. அதைத் தாளில் அச்சடித்து ஒவ்வொரு ஊரிலும் ஒட்டுங்கள். போனுக்குள் மட்டும் இருக்கும் எண் போன் அணைந்ததும் போய்விடும். டவர் முழுவதும் விழுந்த பிறகும் பேச, மணல்திட்டுக் குப்பங்களுக்கு ஒரு வயர்லெஸ் கருவியாவது கொடுங்கள்.

அக்டோபரில் பருவமழை தொடங்கிவிடும். பொறுப்பில் இருப்பவர்களுக்கு என் வேண்டுகோள்: செப்டம்பரில் ஒரு நாள் அந்தப் பட்டியலில் உள்ள எல்லா எண்களையும் கூப்பிட்டுப் பாருங்கள். எடுக்காத எண்ணை அன்றைக்கே மாற்றுங்கள்.