பாலுக்குள் இருக்கும் நெய்

  கார்த்திகை தீபத்தன்று திருவண்ணாமலையின் 2,668 அடி உயர மலையுச்சியில் கொப்பரையில் தீபம் ஏற்றுவார்கள். அதற்கு ஆயிரக்கணக்கான கிலோ நெய் வேண்டும்.

அந்த நெய் கடைவதற்கு முன்பே பாலில் இருந்ததா, கடைந்ததால் உண்டானதா?

காரியம் புதிதாகத் தோன்றுகிறது என்பது நையாயிகர் கட்சி. காரணத்துக்குள் அது முன்பே இருக்கிறது என்பது சாங்கியர் கட்சி. சைவ சித்தாந்தமும் இந்தச் சற்காரியவாதத்தையே ஏற்கிறது. ஏழாம் நூற்றாண்டில் அப்பர், பாலில் நெய்போல் இறைவன் மறைந்திருக்கிறான், அன்பும் உணர்வும் கொண்டு கடைந்தால் முன்வந்து நிற்பான் என்றார்.

உயிர்வேதியியல் கூடம் இந்த வழக்குக்கு நல்ல சாட்சி. பாலில் கொழுப்பு நுண்ணிய உருண்டைகளாக, மெல்லிய சவ்வு போர்த்து மிதக்கிறது. கடையும்போது சவ்வு கிழிந்து உருண்டைகள் திரள்கின்றன. திசுக்களில் வேலை இன்னும் கடினம். அங்கே கொழுப்பு புரதத்தோடு பிணைந்து கிடக்கிறது. அதைப் பிரித்தெடுக்க, 1957இல் ஃபோல்ச் குழுவினர் விலங்குத் திசுவை, குளோரோஃபார்ம் 2 பங்கும் மெத்தனால் 1 பங்கும் சேர்ந்த கலவையில் அரைத்தார்கள். மெத்தனால் பிணைப்பைத் தளர்த்தும். குளோரோஃபார்ம் கொழுப்பைக் கரைத்துக்கொள்ளும். பிறகு நீர் சேர்த்தால் இரண்டு அடுக்காகப் பிரியும். உப்பும் சர்க்கரையும் மேலே நிற்க, கொழுப்பு கீழடுக்கில் தங்கும்.

1959இல் கனடாவில் பிளையும் டயரும் மீன் தசைக்காகக் குறைந்த கரைப்பானில் முடியும் விரைவான முறையைத் தந்தார்கள். கொழுப்பு மிகுந்த மாதிரிகளில் அது உள்ளதைவிடக் குறைத்துக் காட்டுகிறது என்பது பின்னர் தெரிந்தது. ஹெக்சேனை மட்டும் ஊற்றினாலோ, சவ்வுகளில் உள்ள பாஸ்போலிப்பிடுகளில் பெரும்பகுதி திசுவிலேயே நின்றுவிடும்.

இருப்பது ஒன்று, கைக்கு வருவது முறையைப் பொறுத்தது. தேடினேன், கிடைக்கவில்லை, ஆகவே கடவுள் இல்லை என்பவருக்கும், என் வழியில் கிடைத்ததே முழுமை என்பவருக்கும் இது பொருந்தும்.

உவமைக்கு எல்லையும் உண்டு. கரைப்பானில் திசு அழிகிறது. சித்தாந்தம் சொல்லும் முத்தியிலோ உயிர் அழிவதில்லை. உயிரைக் கட்டியிருக்கும் மலப்பிணிப்பு வலுவிழக்க, உயிர் சிவத்தோடு பிரிப்பின்றி நிற்கிறது.

கொழுப்பின் அளவைத் தரும் ஆய்வாளர், எந்த முறையில் எடுத்தார் என்பதையும் சேர்த்து எழுதுகிறார். இறைவனைக் கண்டேன் என்பவரும் காணவில்லை என்பவரும், எப்படித் தேடினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.