இதுவா, அதுவா?

கண்ணாடி போடுகிறவரா நீங்கள்? அப்படியென்றால் இந்த அவஸ்தை உங்களுக்குப் பழக்கமானது. இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள். நாற்பதைத் தாண்டியதும் செய்தித்தாள் தானாகவே கை நீளத்துக்குத் தள்ளிப்போகும். நம் பாட்டிமார் அதை வெள்ளெழுத்து என்றார்கள். மராத்திக்காரர்கள் வைத்த பெயர் 'சாளிஷி'. நாற்பதிலிருந்து வந்த பெயர். வயசை ஒளிக்க வழியே இல்லை!

புதுக் கண்ணாடி வாங்கப் போனால் இரண்டு இடங்களில் கேள்வி வரும்.

முதலாவது, பரிசோதனை அறை. மூக்கில் கனமான ஃபிரேமை மாட்டி, லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா இருக்கா, முன்னால போட்டது தெளிவா?" என்பார்கள். கவனித்தீர்களா? கம்ப்யூட்டர் மெஷின் ஒரு பவரைச் சொல்லிவிடுகிறது. இருந்தும் உங்களைக் கேட்கிறார்கள். காரணம், நீங்கள் பார்ப்பதை உங்களுக்குப் பதிலாக வேறு யாராலும் பார்க்க முடியாது. அங்கே ஒரே சாட்சி நீங்கள்தான்.

இரண்டாவது, ஃபிரேம் கவுன்ட்டர். இங்கே எல்லாம் தலைகீழ். புது ஃபிரேமை மாட்டப் பழைய கண்ணாடியைக் கழற்ற வேண்டும். புதுசில் இருப்பதோ பவரே இல்லாத பிளாஸ்டிக். உங்களுக்கு மைனஸ் ஐந்து என்று வையுங்கள். 20 சென்டிமீட்டருக்கு அப்பால் எல்லாம் மங்கல். முகம் பார்க்கும் கண்ணாடியில் பிம்பம் இரட்டைத் தூரத்தில் விழுவதால், 10 சென்டிமீட்டர் நெருக்கத்தில் மூக்கை உரசிக்கொண்டு நின்றால்தான் உங்கள் முகம் உங்களுக்கே தெரியும். என்ன செய்வீர்கள்? பக்கத்தில் இருப்பவரிடம், "எப்படி இருக்கு?" என்று கேட்பீர்கள். வேறு வழி?

ஆடம் ஸ்மித் என்றால் காமர்ஸ் படித்தவர்களுக்கு 1776-ல் வந்த 'தேசங்களின் செல்வம்'தான் ஞாபகம் வரும். அதற்கு முன்பே, 1759-ல், அவர் அறவுணர்வுகள் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். தன்னந்தனியாக வளர்ந்த ஒருவனுக்குத் தன் முகம் அழகா, அசிங்கமா என்று தெரியாது. அதே மாதிரி தன் குணம் நல்லதா, கெட்டதா என்றும் தெரியாது. மனிதர்களுக்கு நடுவே அவனைக் கொண்டுவந்து விட்டால்தான் அவனுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி கிடைக்கிறது. இது அவர் வாதம்.

ஆக, நான் எப்படி இருக்கிறேன் என்பதற்கு அடுத்தவர் கண் வேண்டும். எனக்கு என்ன தெரிகிறது என்பதற்கு என் கண்தான் சாட்சி.

கோளாறு எங்கே என்றால், நாம் இதை மாற்றிச் செய்கிறோம்.

"நீங்க ரொம்பக் கோபப்படறீங்க" என்று வீட்டில் சொன்னால், "என்னைப் பத்தி எனக்குத் தெரியாதா?" என்று எகிறுகிறோம். அதே நாம், ஆபீஸில் ஒரு ஃபைலில் தப்பு கண்ணில் பட்டால், "எல்லாரும் கையெழுத்துப் போட்டிருக்காங்க, நமக்கென்ன?" என்று நகர்ந்துவிடுகிறோம்.

இதன் விலை சின்னது அல்ல. 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் தலைவர் ராமலிங்க ராஜு ஒரு கடிதம் எழுதினார். கணக்கில் காட்டிய ரொக்கத்திலும் வங்கி இருப்பிலும் 5,040 கோடி ரூபாய் இல்லவே இல்லை! தணிக்கையாளர்கள், வங்கியிடம் நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்க வேண்டிய வேலையை அந்த கம்பெனியின் கையிலேயே விட்டிருந்தார்கள் என்று அமெரிக்கப் பங்குச்சந்தை கண்காணிப்பு அமைப்பு 2011-ல் சொன்னது. பார்ப்பதுதான் அவர்கள் வேலை. பார்க்கும் வேலையை, யாரைப் பார்க்க வேண்டுமோ அவரிடமே கொடுத்தால்?

சரி, அடுத்தவர் கண் தேவைப்படும் இடத்தில் யார் கண்ணை நம்புவது? கவுன்ட்டரிலேயே பதில் இருக்கிறது. விற்பவர் பத்து ஃபிரேமுக்கும், "சூப்பரா இருக்கு சார்" என்பார். அவரைக் குறை சொல்லாதீர்கள், அது அவர் பிழைப்பு. கூட வந்த மகள், "வேணாம்பா, வாத்தியார் அடிக்க வர்ற மாதிரி இருக்கு" என்பாள். நீங்கள் எதை வாங்கினாலும் அவளுக்குக் கமிஷன் கிடையாது. ஸ்மித் சொன்ன பாரபட்சமற்ற பார்வையாளருக்கு அவள்தான் கிட்டத்தில் வருகிறாள். அப்படி ஒருவரைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள். அவர் சொல்வது வலித்தாலும் விரட்டிவிடாதீர்கள்.

"என் கண்ணே தப்பாகப் பார்த்தால்?" என்று கேட்பீர்கள். பார்க்கலாம். அதற்குத்தானே பரிசோதனை! ஆனால் அங்கேயும் சிலர் பரீட்சை எழுதுகிற மாதிரி, "எஃப்பா... பியா... பி!" என்று ஊகித்து அடிக்கிறார்கள். அங்கே யாரும் மார்க் போடுவதில்லை. சரியாக ஊகித்தால் தப்பான கண்ணாடிதான் பரிசு.

தெரியாததைத் 'தெரியவில்லை' என்று சொல்கிறவருக்குத்தான் சரியான பவர் கிடைக்கும்.