காந்தல்

மார்கழி கடைசி வாரத்தில் ஒரு ராத்திரி, காலண்டர் தாளைக் கிழித்து அதன் பின்பக்கத்தில் பொங்கல் சமையலுக்குக் கணக்கு எழுத உட்கார்ந்தேன். பாளையங்கோட்டை வீட்டுக்கு அந்த வருஷம் 22 பேர் வருவதாக இருந்தது. சென்னையிலிருந்து தம்பி குடும்பம், பெங்களூரிலிருந்து அத்தை மகன் குடும்பம், தூத்துக்குடிச் சித்தி வீட்டார், என்னோடு வேலை பார்க்கும் தோழிகள் இருவர், எதிர்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த வடநாட்டுத் தம்பதி. அம்மாவுக்கு 75 வயது முடிந்திருந்தது, முழங்கால் மடங்காது. அதனால் சமையல் பொறுப்பு முதல்முறையாக முழுதும் என் கைக்கு வந்திருந்தது.

ஆளுக்கு 100 கிராம் பச்சரிசி என்றால் 2 கிலோ 200 கிராம். துவரம்பருப்பு ஆளுக்கு 40 கிராம். அவியலுக்குக் காய் இரண்டேகால் கிலோ. சிறுகிழங்கு தோலும் மண்ணுமாக நிறையக் கழியும், ஆகவே 3 கிலோ. அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன்.

"கிராம் கணக்கெல்லாம் எதுக்குட்டி? நாழியால அள்ளிப் போடு. மேல ஒரு கை போடு" என்றாள். அந்த மேல் ஒரு கை, சொல்லாமல் வருகிறவருக்கு. எங்கள் வீட்டில் எந்தப் பண்டிகையிலும் அது வீணாய்ப் போனதில்லை.

பிறகு ஒவ்வொருவருக்கும் எது ஆகும், எது ஆகாது என்று அவளே சொல்ல ஆரம்பித்தாள். சித்திக்குச் சர்க்கரை நோய், வெள்ளைப் பொங்கல் மட்டும் வை. அத்தை மகனுக்குச் சேனை தொண்டையில் அரிக்கும். தம்பி பெண்டாட்டிக்கு அவியலில் முருங்கைக்காய் இருந்தால் போதும், வேறெதுவும் வேண்டாம். தம்பியின் சின்னவன் குழம்பைத் தொட மாட்டான், தயிர் எடுத்து வை. ஒரு தாள் போதவில்லை, ஜனவரித் தாளின் பின்பக்கத்துக்குப் போனேன். எழுதி முடித்து எண்ணிப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த 22 பேரில் அம்மா இல்லை. நானும் இல்லை. விருந்துக்கு வருகிறவர்களை மட்டும் எண்ணியிருக்கிறேன். அரிசியை 2 கிலோ 400 என்று திருத்தினேன்.

திருத்திய பிறகு தூக்கம் வரவில்லை. பண்டிகை நாளில் அம்மா சாப்பிட்டதை நினைத்துப் பார்த்தேன். முதல் பந்தி ஆம்பிளைகளுக்கும் விருந்தாளிகளுக்கும். இரண்டாவது பந்தி பிள்ளைகளுக்கும் வந்திருக்கும் பெண்களுக்கும். எச்சில் இலை எடுத்து, இடம் துடைத்து, மூன்று மூன்றரை மணிக்கு அடுக்களைத் தரையில் அவளும் ஆச்சியும் உட்காருவார்கள். இலைகூடக் கிடையாது. பொங்கல் பானையின் அடியைச் சுரண்டி, அதிலேயே மிச்சக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, சுவரில் சாய்ந்துகொண்டு சாப்பிடுவாள். "நீ சாப்பிடலையாம்மா?" என்று எப்போது கேட்டாலும் ஒரே பதில்: "நான் பொறவு சாப்பிடுதேன்." வருகிறவர்கள் அவளை அன்னபூரணி என்பார்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைக்குள் நான் எத்தனை வருஷம் சௌகரியமாக உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன் என்பது அந்த ராத்திரிதான் உறைத்தது.

ஆகவே திட்டத்தின் தலையை மாற்றினேன். என்ன சமைப்பது என்பதைத் தள்ளிவைத்து, சமைத்தவர்களும் முதல் பந்தியில் உட்கார வேண்டுமென்றால் எதையெல்லாம் விட வேண்டும் என்று பார்த்தேன். முதலில் போனது வடை. வடை சூடாக இருக்க வேண்டுமானால், இலை போட்ட பிறகும் ஒருத்தி எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்றாக வேண்டும். அப்பளமும் அப்படித்தான், போயிற்று. சோறும் குழம்பும் மட்டும் சூடாக இருந்தால் போதும். அவியல், பச்சடி, சிறுகிழங்குப் பொரியல் எல்லாம் ஆறினாலும் கெடுதல் இல்லை. தேங்காயை மட்டும் முந்தின நாளே துருவி வைக்கக் கூடாது, புளித்துவிடும். குழம்புக்கு வறுத்து இடிக்கிற பொடியை இரண்டு நாள் முன்பே இடித்து வைத்தேன். வடை இல்லாத பொங்கலா என்று அம்மா இரண்டு நாள் பேசவில்லை. அவளுக்கு அது மானப் பிரச்சினை. அது எனக்கும் புரிந்தது. ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை.

சிறுகிழங்கைத் தம்பியிடம் ஒப்படைத்தேன். திருநெல்வேலிப் பக்கம் அது இல்லாமல் பொங்கல் இல்லை. மார்கழியிலும் தையிலும்தான் சந்தைக்கு வரும், கோலிக்குண்டு அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை. மண் ஊறும்படி தண்ணீரில் போட்டு, சாக்கில் கட்டித் தரையில் தட்டித் தேய்த்தால் பாதித் தோல் போய்விடும், மீதியைக் கத்தியால் சுரண்ட வேண்டும். சுரண்டியதை உடனே தண்ணீரில் போடாவிட்டால் கறுத்துவிடும். போகி அன்று சாயங்காலம் அவனும் பிள்ளைகளும் முற்றத்தில் வட்டமாக உட்கார்ந்து 3 கிலோவையும் முடித்தார்கள். விரலெல்லாம் கறை. "அம்மா இத்தன வருசமும் தனியாவா செஞ்சா?" என்று என்னைக் கேட்டான். அவனுக்கு அப்போது 46 வயது.

எனக்குச் சிறுவீட்டுப் பொங்கல் ஞாபகம் வந்தது. தை மாதத்தில் பெண் பிள்ளைகளுக்காக வாசலில் மண்ணால் ஒரு குட்டி வீடு கட்டித் தருவார்கள். அதன் முன்னால் நாங்களே பொங்கலிட்டு, நாங்களே பகிர்ந்து, நாங்களே தின்போம். பூசணிப் பூ வைத்த சாணிப் பிள்ளையாரைப் பின்பு தாமிரபரணியில் விடப் போவோம். அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தவளும் இலைக்கு முன்னால் உட்கார்ந்தவளும் அன்றைக்கு ஒருத்தியே. எத்தனை வயதில் அது மாறிப்போனது என்று யோசித்தேன். எனக்கு ஒரு நாளும் தேதியும் அகப்படவில்லை.

2025 ஜனவரி 14, செவ்வாய்க்கிழமை. விடிவதற்கு முன்னே கோலத்தின் நடுவில் காவியும் சுண்ணாம்பும் பூசிய அடுப்புக் கட்டிகளை வைத்து இரண்டு பானை ஏற்றினோம். பனை ஓலைத் தீ சட்டென்று பற்றும், ஆளுயரம் எழும், அதே வேகத்தில் அடங்கும். ஓலை தள்ளுகிறவர் அந்த இடத்தை விட்டு நகர முடியாது. அத்தை மகன் தள்ளினான். பால் பொங்கியதும் சித்தி குலவையிட்டாள். எதிர்வீட்டுப் பெண்ணும் கூடவே முயன்றாள், அவளுக்கும் வந்தது.

பன்னிரண்டரைக்குக் கூடத்தில் எதிரெதிராக இலை போட்டோம். தம்பி, அத்தை மகன், பெரிய பிள்ளைகள் இருவர் முதலில் விளம்புவது, பிறகு மாற்றிக்கொண்டு உட்காருவது. அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்து, ஸ்டூலில் இலை போட்டேன். அவள் இரண்டு தடவை எழுந்தாள். மோர் எடுத்து வைக்கவில்லை என்றாள், நெய் உருகவில்லை என்றாள். இரண்டு தடவையும் தோளைப் பிடித்து உட்காரவைத்தேன்.

தம்பி இரண்டு கையிலும் கரண்டியோடு அவள் முன்னால் வந்து நின்றான். "ஒனக்கு எதும்மா முதல்ல வைக்க?" என்றான்.

"எல்லாத்துலயும் கொஞ்சம் வை."

"ஒனக்கு எது புடிக்கும், அதச் சொல்லு."

அவள் பேசவில்லை. அவன் என்னைப் பார்த்தான். இரண்டு காலண்டர் தாள் நிறைய மற்றவர் நாக்கை எழுதி வைத்திருந்த எனக்கு, அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரியவில்லை. பந்தியில் இருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்து பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

"பால் பொங்கப் பானையில அடியில காந்தல் இருக்கா?" என்று அம்மா கேட்டாள்.

தம்பி போய்ச் சுரண்டிக் கொண்டுவந்தான். பழுப்பேறி, ஓலைப் புகை மணக்கும் ஒரு கைப்பிடி. அதில் குழம்பை விடச் சொல்லி, பிசைந்து, கண்ணை லேசாக மூடிக்கொண்டு சாப்பிட்டாள். ஐம்பது வருஷம் மிச்சத்தைத் தின்றதால் மிச்சமே ருசியாகிப்போனதா, அல்லது அந்த ருசிக்காகத்தான் அவள் கடைசி வரை காத்திருந்தாளா? அன்று ராத்திரி கேட்டேன். "ரெண்டுந்தான்னு வச்சுக்கோயேன்" என்றுவிட்டு, மறுநாள் சுண்டக்கறிக்கு மிச்சக் குழம்பையும் அவியலையும் ஒரே சட்டியில் சேர்க்கச் சொன்னாள்.

அடுத்த பொங்கலுக்கும் வடை கிடையாது. பால் பொங்கல் பானையை மட்டும், ஓலை தணிந்த பிறகும் கங்கு மேல் இன்னும் கொஞ்ச நேரம் விட்டுவைத்தேன்.