வைரியா, அக்காக்குயிலா?

ஆனைகட்டிப் பக்கம் பைனாகுலரை உயர்த்தி "வைரி!" என்று கிசுகிசுத்தபின், அந்தப் பறவையே வாய் திறந்து தன்னை அக்காக்குயில் என்று அறிவித்துவிடுவது பறவை நோக்கர்களுக்குப் பழகிய அவமானம். சாம்பல் முதுகு, வால் பட்டைகள், பறக்கும் விதம் எல்லாம் வைரி என்னும் வேட்டைப்பறவையேதான். சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் அளவையியல், ஒன்றை வேறொன்றாகக் காணும் இதைத் திரிவுக்காட்சி என்று தனியே பிரித்து வைக்கிறது. அப்படியானால் கண்ணை நம்பவே கூடாதா என்று கேட்கலாம். கூடாதென்றால் பிழை தெரிந்தது எப்படி? கொக்கியில்லாத அலகைக் காட்டியதும் அதே கண்தான். குரலைப் பிடித்தது காது. புலன் பொய் என்பவரும் அந்தப் பொய்யைப் புலனால்தான் பிடித்தார். தவிர, இந்தத் தடுமாற்றம் கற்றவருக்கே வரும். வைரியை அறியாதவர் "ஏதோ பறவை" என்று பிழையின்றிப் போய்விடுவார். தவிட்டுக்குருவியோ, ஏமாந்ததே தெரியாமல், தன் கூட்டில் வளரும் அக்காக்குயில் குஞ்சுக்கு இன்னும் இரை ஊட்டிக்கொண்டிருக்கிறது.