நெல் அளந்த தொண்டு

முதலாம் இராசராசன் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயிலின் ஸ்ரீகாரியம், அதாவது நிர்வாகம், பார்த்தவர் பொய்கைநாடு கிழவன் ஆதித்தன் சூரியன். தென்னவன் மூவேந்தவேளான் என்பது அவர் பட்டம். இன்று ஒரு பெருநிறுவனத்தின் மனிதவளத் தலைவர் சுமக்கும் பொறுப்புக்கு அந்நாளில் மிக அருகில் நின்ற பதவி அது.

1010இல் கலசம் ஏறிய அக்கோயிலுக்கு அரசன் ஆணையால் ஆள் திரண்டது. சோழநாட்டுத் தளிகள் (கோயில்கள்) பலவற்றிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது ஆடல் மகளிர், கொண்டுவரப்பட்டனர். எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தவள், எந்தத் தெருச் சிறகில் எத்தனையாம் வீடு என்பது வரை கல்லில் வெட்டியிருக்கிறது. ஆளுக்கு ஒரு பங்கு: ஆண்டுக்கு 100 கலம் நெல், ஆடவல்லான் என்னும் மரக்காலால் அளந்தது. ஆட்டம் பயிற்றும் நட்டுவருக்கு இரண்டு பங்கு. திருப்பதியம் (தேவாரம்) பாடுவோர் 48 பேருக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு முக்குறுணி நெல்; பன்னிரண்டு குறுணி ஒரு கலம். கணக்குப் பார்த்தால் ஆடுபவளுக்கும் பாடுபவருக்கும் ஏறக்குறைய ஒரே ஊதியம். பெண்களின் சம்மதம் கேட்கப்பட்டதா என்பதைப் பற்றி மட்டும் கல் பேசவில்லை.

பணியில் இருப்பவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ அடுத்த உரிமையாளர் அந்தப் பங்கை, அதாவது காணியை, பெற்று வேலை செய்யவேண்டும். அவருக்குத் தகுதி இல்லையென்றால், தகுதியுள்ள ஒருவரை அமர்த்திச் செய்விக்கலாம். உரிமையாளரே இல்லையென்றால் அந்தந்தப் பணியைச் செய்வோரே தக்கவரைத் தேர்ந்துகொள்ளலாம். ஒருவர் பெயரில் காணி, இன்னொருவர் கையில் வேலை என்றால் தொண்டின் பலன் யாரைச் சேரும்? நெல் வாங்கிக்கொண்டு பாடும் தேவாரம் பக்தியா, பிழைப்பா? கல்வெட்டு இதற்குள் நுழைவதில்லை. அது தகுதியைக் கேட்கிறது, உள்ளத்தைக் கேட்கவில்லை. ஒரு நிர்வாகம் கேட்கக்கூடியதும் அவ்வளவுதான்.

சைவ மரபில் விடை தேடினால் அதே காவிரி டெல்டாவிலுள்ள திருவீழிமிழலைக்குப் போகவேண்டும். பஞ்ச காலத்தில் அடியார்க்குச் சோறிட, தேவாரம் பாடிய அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் நாள்தோறும் ஒவ்வொரு காசு படியளந்தான் என்கிறது பெரியபுராணம். அப்பரின் காசு கடைத்தெருவில் அப்படியே செல்லுபடியானது. சம்பந்தரின் காசுக்கு வாசி (வட்டம்) கழித்தார்கள். அவர் மடத்தில் சாப்பாடு தாமதப்பட்டது. அப்பர் உழவாரம் (புல் செதுக்கும் கருவி) பிடித்துக் கைத்தொண்டு செய்தவர் என்பதே காரணம். சம்பந்தர் பதிகம் பாடிய பிறகே அந்த வாசி தீர்ந்தது. கூலி வாங்குவதை இந்தக் கதை இழிவாகக் கருதவில்லை. உடலுழைப்பைப் பாட்டுக்கும் ஒரு படி மேலே வைக்கிறது. பெரிய கோயிலில் நெல் பெற்று வேலை செய்த வண்ணாரும் குயவரும் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.

மறுபக்கமும் உண்டு. நாயன்மார்களில் ஒருவரான சிறுத்தொண்டர் முன்பு பல்லவர் படைத்தலைவர். வாதாபிப் போருக்குப் பின், ஓர் அடியாரைப் போருக்கு அனுப்பிவிட்டோமே என்று வருந்திய அரசன் அவரைப் பதவியிலிருந்து விடுவித்தான். இங்கே உத்தியோகம் விட்ட பிறகுதான் தொண்டு முழுமையாகிறது. பெரியபுராணத்தில் இதைப் பாடிய சேக்கிழாரே சோழனின் அமைச்சர் என்பது மரபு.

ஆதித்தன் சூரியன் எந்தப் பக்கம் என்று தீர்மானமாகச் சொல்ல வழியில்லை. ஆனால் அப்பர், சம்பந்தர், சுந்தரர், அவர் மனைவி பரவை நங்கை, சிறுத்தொண்டர், அவர் மகன் சீராளர் ஆகியோருக்குச் செப்புத் திருமேனிகள் எடுத்து அதே கோயிலுக்குக் கொடுத்தவர் அவர். நிர்வாகம் பார்த்தது அவர் பதவி. படிமங்கள் எடுத்தது அவராக விரும்பிச் செய்தது. இரண்டும் ஒரே கோயிலின் கல்லில்தான் எழுதப்பட்டிருக்கின்றன.