பாவம் பார்த்தா வீசிற்று புயல்?

2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பண்ருட்டிப் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. 2015 நவம்பரில் பெருவெள்ளம் கடலூரைச் சூழ்ந்தது. கடல் முழங்கும் என்று லூக்கா 21ஆம் அதிகாரம் உரைத்த கடைசிக் காலம் இதுவே, பாவத்திற்குத் தண்டனை இதுவே என்போர் உளர்.

கேட்கிறோம்: 1964இல் தனுஷ்கோடியை விழுங்கிய புயலுக்கும் அவ்வசனம் பொருந்துமன்றோ? எல்லாப் புயலுக்கும் பொருந்துவது எந்தப் புயலை விளக்கும்? தண்டனையெனில், மாடி வீட்டை விடுத்துக் குடிசையைப் பிய்த்தெறிவானேன்? பாவம் கூரையின் கீழ்தான் குடியிருக்கிறதோ?

அதே லூக்கா, 13ஆம் அதிகாரத்தில், சீலோவாம் கோபுரம் சரிந்து மாண்ட 18 பேரைப் பிறரினும் பெரும்பாவிகள் எனக் கருதலாகாது என்று ஏசு கூறியதாக எழுதுகிறார். மனந்திரும்பச் சொன்ன அவரும் மாண்டோர்மீது பழி சுமத்தவில்லை!

நம் கவலை வேதத்தைப் பற்றியதன்று. விதியென்று கைகட்டி நிற்கும் மனத்தைப் பற்றியது. 2004இல் ஆழிப்பேரலை எழுந்தபோதும், சிதம்பரத்தை அடுத்த பிச்சாவரத்தில் அலையாத்திக் காடுகளுக்குப் பின்னிருந்த ஊர்களில் சேதம் குறைவாகவே இருந்தது. காத்தது மரம், அம்மரத்தைக் காப்பது மனிதர் கடன். புயலை நிறுத்த நம்மால் ஆகாது; கூரையை உறுதியாக்க, வடிகாலைத் தூர்வார ஆகும். ஆவதைச் செய்யாதிருப்பதே பாவம்!