வரவறிந்து செலவிடல்

பொருளின்றி இல்வாழ்க்கை நடவாது. உண்டியும் உடையும் உறையுளும் மாத்திரமன்றி, விருந்தோம்பலும், தென்புலத்தார் கடனும், சிவபூசையும், அடியார்க்கு அமுதளித்தலும் பொருளாலேயே நிறைவேறுகின்றன. ஆதலாற் பொருளை நன்னெறியில் ஈட்டுக என்று நூல்கள் விதித்தன. ஈட்டுதலைக் குறித்துப் பேசுவோர் பலர். ஈட்டிய பொருள் எவ்வழியாய் எவ்வளவு சென்றது என்று ஆராய்வோர் சிலரே. மாதந்தோறும் அளவுபட்ட சம்பளம் பெற்றுச் சீவிக்கும் சைவாசிரியர்களுக்கு இவ்வாராய்ச்சி இன்றியமையாதது. இது வெறும் உலகியற் சாமர்த்தியமோ, அன்றி அறத்தின்பாற் பட்டதோ என்பதை ஈண்டுச் சிறிது விசாரிப்பாம்.

“பொருள் நிலையில்லாதது, அதனைக் காசு காசாக எண்ணி எழுதிவைத்தல் பற்றினை வளர்க்குமன்றோ?” என்பாருமுளர். அவர் கூற்றுப் பொருந்தாது. எண்ணுதல் வேறு, பற்றுதல் வேறு. உலோபி எண்ணுவது செலவிடாதிருத்தற்பொருட்டு. ஒப்புரவாளன் எண்ணுவது உரிய இடத்தில் உரிய அளவு செலவிடுதற்பொருட்டு. கணக்கெழுதாதிருத்தலால் ஒருவன் பற்றற்றவனாகான். மாதத்தின் நடுவிலே கை வறண்டபின் அவன் நெஞ்சம் இரவும் பகலும் காசினையே நினைந்து வருந்தும். பூசைக்கு இருந்தாலும் கடன் கொடுத்தவன் முகமே தோன்றும். கணக்கெழுதுவோனோ நாளிற் கால்நாழிகை பொருளை நினைந்து, எஞ்சிய பொழுதெல்லாம் அதனை மறந்திருக்கின்றான். இவ்விருவருள் பொருளாற் பற்றப்பட்டவன் யாவன்?

திருவள்ளுவர் செலவின் அளவை வலியறிதல் என்னும் அதிகாரத்தில் வைத்தமை சிந்திக்கற்பாலது. வரவின் வழி சிறிதாயினும் செலவின் வழி அகலாதாயிற் கேடில்லை என்பது அங்கே அவர் கருத்து. ஈகைக்கும் ஒப்புரவுக்குங்கூட உள்ள பொருளின் அளவு நோக்குதல் வேண்டும் என்றார். நல்ல செயலென்பதனால் அளவு நோக்கற்க என்று அவர் கூறினாரல்லர்.

“நாயன்மார் அளவு பார்த்தனரோ? இளையான்குடிமாற நாயனார் கடன்பட்டும் அடியார்க்கு அமுதளித்திலரோ?” எனின், அளித்தனர். ஆயினும் அவர் பட்ட கடன் அடியார் பசி தீர்த்தற்காயது. தம்மை விற்றாயினும் இறுப்பதற்கு இசைந்து பட்டது. மழையிரவிலே விதைத்த நெல்லை வாரிக் கொணர்ந்தபோதும், வீட்டின் வரிச்சுக்கழியை அறுத்து விறகாக்கியபோதும் அவர் தமக்கென ஒன்றும் வேண்டினாரல்லர். நாம் படுங் கடன்களோ எத்தன்மையன? அயலார் செய்ததினும் மேலாகச் சாமத்தியச் சடங்கு செய்தற்கும், பழையது பழுதுபடுமுன்னே புதிய கைத்தொலைபேசியைத் தவணைக்கு வாங்குதற்கும், இறந்தாரை நினைந்து செய்யும் அந்தியேட்டியிற் பலவகைப் பதார்த்தங்களைப் பரப்புதற்கும் பட்ட கடன்களே பல. இவற்றிற்கு நாயனாரைச் சான்று காட்டல் நமக்குத் தகாது.

அன்றியும், திருவீழிமிழலையில் நிகழ்ந்ததை நோக்குக. பஞ்சகாலத்திலே சம்பந்தருக்கும் அப்பருக்கும் இறைவன் நாடோறும் படிக்காசு அருளினார். சம்பந்தர் மடத்தில் மாத்திரம் அடியார்க்கு அமுது காலந்தாழ்த்தது. பிள்ளையார் அதனை வாளாவிடாது காரணம் வினாவினார். தாம் பெற்ற காசு வாசியுடையதாதலாற் கடைவீதியிலே வட்டங் கொடுத்து மாற்றப் பொழுது செல்லுகின்றது என்று அறிந்து, வாசி தீர்ந்த காசு வேண்டிப் பதிகம் பாடினார். இறைவன் தந்த காசிலும் குறை யாதென ஆராய்ந்தமை அவர் துறவுக்கு இழுக்காயிற்றா? அடியார் பசித்திராமைக்கு அதுவே ஏதுவாயிற்று.

இனிக் கணக்கின்மையால் வருங் கேட்டைக் கூறுவாம். தன்னிடம் உள்ளது இவ்வளவென்று அறியாதவன், தான் கொடுப்பது யாருடைய பொருளென்பதையும் அறியான். கடன் வாங்கித் திருவிழா உபயஞ் செய்துவிட்டுத் தவணை தவறுவானாயின், அவ்வுபயம் அவனுடையதோ, கடன் கொடுத்தவனுடையதோ? தன் பொருளைக் கொடுத்தலே தானம். பிறன் பொருளைக் கொடுத்துத் தன் பெயரை எழுதுவித்தல் தானமன்று.

ஆசிரியர்க்கு இதனினுங் கொடியதொன்று உண்டு. ஓர் ஆசிரியர் தம்மிடங் கற்கும் மாணாக்கனுடைய தந்தையிடத்துக் கடன் பெற்றார் என வைத்துக்கொள்வோம். அம்மாணாக்கன் பாடத்தை நெகிழ்ந்தவழி அவனைக் கடிந்துரைக்க அவர் நா எழுமா? பரீட்சையிற் புள்ளியிடும்போது கை நடுங்காதா? அவர் நடுவுநிலை வழுவாதிருப்பினும், அயலிருக்கும் பிள்ளைகள் அதனை நம்புவார்களா? வாய்மையையும் நடுவுநிலைமையையும் போதிக்கும் வாய் பிறரிடத்து ஈடு வைக்கப்பட்டதாயின், போதனை யாது பயன் தரும்? செலவின் அளவைக் காத்தல் ஆசிரியருக்குத் தம் சுதந்திரத்தைக் காத்தலாம்.

கன்மத்தின் இயல்பும் இதனை விளக்கும். பிராரத்தத்தைப் புசிக்குங்கால் விழிப்பின்றி ஆகாமியத்தை ஈட்டுவோனுக்குப் பிறவி தொலையாது. அதுபோலப் பழங்கடனை இறுத்துக்கொண்டே புதுக்கடன் படுவோனுக்குக் கடன் தொலையாது. இரண்டிடத்தும் வேண்டப்படுவது விழிப்பே.

வருவாயே போதாதவர் எதை எழுதுவது என்று சிலர் வினாவுவர். அவ்வினா நியாயமானதே. 2022ஆம் ஆண்டு ஏப்பிரலில் இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன் இறுத்தலை நிறுத்தியது. அவ்வாண்டு செப்டெம்பரிலே கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டெண்படி விலைகள் முந்திய ஆண்டினும் ஏறத்தாழ நூற்றுக்கு 70 பங்கு ஏறின. உணவுப்பொருளின் விலை நூற்றுக்கு 95 பங்கு வரை ஏறிற்று. அக்காலத்து இடர்ப்பட்ட குடும்பங்களை ஊதாரிகள் என்று பழித்தல் பாவம். எனினும் அத்தகையோர்க்கே கணக்கு மிகுதியும் வேண்டும். குறை தம் நடையில் உள்ளதோ, வருவாயில் உள்ளதோ என்று அதுவே காட்டும். முன்னதாயின் திருத்துக. பின்னதாயின் நாணாது உற்றாரோடு ஆலோசித்து வேறு நன்னெறி தேடுக. சம்பள உயர்வு கேட்குமிடத்தும் அக்கணக்கே சாட்சியாகும்.

இனிச் செய்யுமாறு கூறுவாம். சம்பளம் வந்த அன்றே கணவனும் மனைவியும் ஒருங்கிருந்து அம்மாதத்துச் செலவை வகுக்க. இறுக்கவேண்டிய கடன், உணவு, பிள்ளைகளின் கல்வி, மருந்து, தருமம், எதிர்பாராச் செலவுக்கான சேமிப்பு என்பன முன்னே நிற்க; ஏனையவை பின்னே வருக. தருமத்தை மிச்சத்திற்கு விடற்க. சிறிதாயினும் முதலிலே பிரித்து வைக்க. நாடோறும் இரவில் அன்றைய செலவைச் சிறிதும் பெரிதும் ஒளியாது எழுதுக. மாதமுடிவிலே வகுத்ததனையும் நிகழ்ந்ததனையும் ஒப்புநோக்குக. சிறுசெலவை இகழற்க: நாளொன்றுக்கு 100 ரூபா வீண்செலவு ஓராண்டில் 36,500 ரூபா ஆகும். இதனை வகுப்பிலே கணக்காகக் கொடுப்பின் மாணாக்கரும் பயனடைவர்.

வகுத்த அளவிலே நிற்றல் அரிது என்பர். கந்தசட்டி விரதத்தை ஆறு நாளும் வழுவாது நோற்கும் நம்மவர்க்கு அஃது அரிதன்று. பசித்தும் உண்ணாதிருக்க வல்ல மனம், ஆசைப்பட்டும் வாங்காதிருக்க வல்லதாகும். ஒரு மாதம் தவறினும் ஏட்டை மூடிவிடாது அடுத்த மாதம் மீளத் தொடங்குக.

ஆண்டுதோறும் சித்திரைப் பூரணையிலே திருக்கோயில்களிற் சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்க்கின்றோம். நம் செயலனைத்தும் எழுதப்படுகின்றன என்று நம்பும் நாம், நம் செலவை நாமே எழுதுதற்கு அஞ்சுவதேன்? பிறர் ஏட்டிலே கடனாளி என்று எழுதப்படுமுன் நம் ஏட்டிலே உண்மையை எழுதுவோமாக. சைவாசிரியர்களே, உங்கள் இல்லத்து ஏடு செவ்விதாயின் உங்கள் நாவுஞ் செவ்விதாகும். அந்நாவினின்று வரும் உபதேசம் பிள்ளைகள் நெஞ்சிற் பதியும். அதற்குத் திருவருள் துணைசெய்க.